நாத்தனார் வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை

நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கோப்புகளில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து மேலதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவள் ‘பிரேக்கம்மா’. வண்டிகள் எந்தத் தெருவில் தலைதெறிக்கப் பறக்கின்றனவோ அந்தத் தெருவுக்குப் போய் அவற்றின் வேகத்தைக் குறைப்பதுதான் அவள் உத்தியோகம். வேகத்தடை போடுவது, ஆட்கள் தெருவைக் கடக்கக் கோடு போடுவது, நடைபாதையை அகலமாக்குவது என்று பதினைந்து வருஷமாக இதே பிழைப்பு. பட்டப்பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. “வண்டிய விரட்டுறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கு. பிடிச்சு நிறுத்த ஒருத்தியாவது வேண்டாமா?” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் இரவு வேலை. கணவர் காலமாகிவிட்டார், மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். தனியாக இருந்தாலும் தெருவுக்கே தலைவி மாதிரி இருக்கிற பெண்மணி. தண்ணீர் வரவில்லை என்றாலும், தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். நாத்தனார் என்றால் நாக்கில் முள் இருக்கும் என்பார்கள். இவருக்கும் இருந்தது. ஆனால் அந்த முள் தம்பி மனைவியை ஒருநாளும் குத்தியதில்லை. “என் தம்பிக்கு எதிர்ல இருக்கற எழுத்து மட்டும்தான் தெரியும். எதிர்காலத்தப் பாத்துக்க நீ வந்தே, பொழைச்சான்” என்பார்.

நாத்தனார் குடியிருந்த தெரு, கடைவீதியையும் ஊருக்கு வெளியே போகிற பெரிய சாலையையும் சேர்க்கிற குறுக்குத் தெரு. கடைவீதி சிக்னலில் நிற்கப் பொறுக்காதவர்கள் எல்லாம் அதற்குள் நுழைவார்கள். நூல் பிடித்ததுபோல் நேராகக் கிடக்கும் அதன் நீளத்தைப் பார்த்தவுடன் கடிவாளம் அறுந்த குதிரைகளாகிவிடுவார்கள். வீடுகளும் கடைகளும் தெருவை ஒட்டியே நின்றன. வாசற்படியில் கால் வைத்தால் அடுத்த கால் தார் ரோட்டில்தான்.

ஒருநாள் காலையில் அந்தத் தெருத் தையல்காரர் எதிர்ச்சாரியிலிருந்து டீ கிளாசும் கையுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது ஒரு கார் அடித்துவிட்டுப் போய்விட்டது. வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்த நாத்தனார், சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினார். தையல்காரரின் கடையிலிருந்த மர அளவுகோலை எடுத்து, முறிந்த காலோடு சேர்த்து வைத்து, அவருடைய துணித் துண்டுகளாலேயே கட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ரோட்டிலேயே உட்கார்ந்து அந்தக் காலை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். தையல்காரர் பிழைத்தார். ஆனால் கால் முன்போல் ஆகவில்லை. தையல் மிஷினை மிதிக்கிற கால் அது.

அந்த வாரமே நாத்தனார் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார். வாங்கியதைத் தூக்கிக்கொண்டு நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தார்.

“பிரேக்கம்மான்னு பேர் மட்டும் வச்சுக்கிட்டா ஆச்சா? என் தெருவுல ஒரு பிரேக் போடத் துப்பில்லையா உனக்கு?”

“அண்ணி, முறைப்படி மனு குடுங்க. ஒரு மாசத்துல போட்டுத் தரேன்.”

“இதோ முறைப்படிதான் குடுக்கறேன். காபியும் முறைப்படி ஒண்ணு குடு.”

சொன்னபடியே ஒரு மாதத்தில் வேகத்தடைகள் வந்தன. மொத்தம் மூன்று. முதலாவது கடைவீதி முனையில், கடைசி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். நடுவிலிருப்பதற்குத்தான் இடம் கிடைப்பது பாடாக இருந்தது. ஒரு இடத்தில் சாக்கடை மூடி, இன்னொரு இடத்தில் வீட்டுக் கார் வெளியே வரும் வழி. தெருவிளக்கும் இருந்து, வேறு இடைஞ்சலும் இல்லாத இடம் நாத்தனார் வீட்டு வாசல் ஒன்றுதான். தயங்கித் தயங்கிக் கேட்டாள். “தாராளமாப் போடு. என் வீட்டு வாசல்ல நின்னுட்டுப் போறதுல அவனுங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?” என்றார் நாத்தனார்.

வண்டிகளின் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பத்திரிகையிலிருந்து ஆள் வந்து, வேகத்தடை பக்கத்தில் பிரேக்கம்மாவை நிறுத்திப் படம் பிடித்துப் போட்டார்கள். அலுவலகத்தில் அந்தப் படத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் மாறிப்போனார்.

தினமும் ஒரு தடவையாவது போனில் பேசுகிறவர் பேச்சைக் குறைத்தார். கூப்பிட்டால் எடுப்பார், “ம்”, “சரி”, “வைக்கட்டுமா” என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் நேரமில்லை என்பார். ஒரு தடவை வந்தபோதும் கையில் தட்டை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மனைவி, “நம்ம ஸ்பீடு பிரேக்கர் எப்படி இருக்கு அண்ணி?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“இருக்கு,” என்றார் நாத்தனார். அவ்வளவுதான். கை கழுவ எழுந்துவிட்டார்.

பிரேக்கம்மா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாம் அந்தப் பத்திரிகைப் படத்தால் வந்த வினை. வெயிலில் அலைந்து கையெழுத்து வாங்கியவர் அண்ணி. படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவள் இவள். செய்தியில் அண்ணியைப் பற்றி ஒரு வரி கிடையாது. யாருக்குத்தான் வலிக்காது?

“நீங்களாவது உங்க அக்காகிட்ட பேசிப் பாருங்களேன். பேப்பர்காரங்க கேக்கவே இல்ல, நான் என்ன பண்ணட்டும்?” என்று கணவரிடம் புலம்பினாள்.

“உனக்கும் அக்காவுக்கும் நடுவுல நான் வந்தா மத்தளம்தான். ரெண்டு பக்கமும் இடி. என்னை விட்டுடு,” என்று அவர் நழுவினார்.

ஆனால் அவரால் நழுவ முடியாமல் போயிற்று. ஒருநாள் காலை அக்காவே கடைக்கு வந்தார். தலைவலி விடவே மாட்டேன் என்கிறது, கண்ணாடி மாற்றவேண்டும்போல் இருக்கிறது என்றார். தம்பி அவரைப் பரிசோதனை மிஷின் முன்னால் உட்கார வைத்து, தாடையை அதன்மேல் வைக்கச் சொன்னார். மிஷினைச் சரிபண்ணிவிட்டு, “அக்கா, உள்ள ஒரு பலூன் படம் தெரியுதா?” என்று கேட்டார். பதில் இல்லை. “அக்கா, பலூன்?” எட்டிப் பார்த்தார். தாடையை மிஷினில் வைத்தபடியே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கடைப் பையன்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று ஜாடை காட்டிவிட்டு, அக்காவின் தலை சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரம் கழித்து, வாசலில் யாரோ ஷட்டரை இழுத்த சத்தத்தில் அக்கா துள்ளி எழுந்தார். “என்ன, லாரியா?” என்றார் முதலில். பிறகு சுற்றிலும் பார்த்து, “ஒண்ணுமில்ல, அசதி,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். “அக்கா கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. ரத்தமா சிவந்திருக்கு, இமை துடிச்சுக்கிட்டே இருக்கு. அவளுக்குத் தேவை கண்ணாடி இல்ல, தூக்கம். அவ கோபத்துல இல்ல. தூங்காம செத்துக்கிட்டு இருக்கா.”

‘என்ன, லாரியா?’ என்ற அந்தக் கேள்வியைப் பிரேக்கம்மா அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மத்தியானம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவள் போட்ட வேகத்தடை, மஞ்சள் பட்டையோடு கச்சிதமாகப் படுத்திருந்தது. மணியை அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. கலைந்த தலையோடு நாத்தனார் நின்றார்.

“தூங்கறப்போ வந்துட்டேனா அண்ணி?”

“தூங்கினாத்தானே?” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

உள்ளே போனதும் அவளுக்கு வீடே மாறிப்போயிருப்பது தெரிந்தது. தெருப்பக்க ஜன்னல் சட்டங்களில் மடித்த காகிதம் செருகியிருந்தது. அலமாரியிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் துண்டு சுற்றியிருந்தது. படுக்கையறைக் கட்டிலில் மெத்தை இல்லை. வெறும் பலகை. மெத்தையைத் தேடிக்கொண்டு அவள் கண் போயிற்று. அது குளியலறைக்கு வெளியே, ஆள் போகிற குறுகலான வழியில், துணிக்கூடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது. தலையணைப் பக்கத்தில் காதில் வைக்கிற பஞ்சு.

அவள் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்படிப் பாக்காதே. அந்த மூலையில சத்தம் கொஞ்சம் கம்மி, அதான்,” என்றார் நாத்தனார்.

“எத்தனை நாளா அண்ணி?”

“போட்ட நாள்லேருந்துதான். காரு ஒண்ணும் பண்றதில்ல, பாவம், பூனை மாதிரி ஏறி இறங்கிடுது. காலி லாரி வருது பாரு, அதுதான் எமன். மத்தியானம் இரும்புக்கடையில இறக்கிட்டு காலியாத் திரும்புவான். நீயே படுத்துப் பாரேன், சொன்னாப் புரியாது.”

கட்டில்மேல் மெத்தையைத் திரும்ப இழுத்துப் போட்டு, பிரேக்கம்மா தன் நாத்தனார் படுக்கையில் படுத்தாள். நாத்தனார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்தார். ஒரு கார் போயிற்று; ஒன்றும் தெரியவில்லை. பைக் ஒன்று வேகம் குறைத்து, ஏறி இறங்கி, மறுபடி உறுமிக்கொண்டு போயிற்று. அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. மின்விசிறியின் காற்றில் அவளுக்கே கண் செருகியது.

அப்போது லாரி வந்தது. முன் சக்கரம் இறங்கியபோது கட்டில் ஒரு உதை வாங்கியது. பின் சக்கரம் இறங்கியபோது லாரியின் பின்பலகை படார் என்று அடித்தது, ஜன்னல் அதிர்ந்தது, துண்டு சுற்றியும் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவள் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப இன்னொண்ணு வரும்,” என்றார் நாத்தனார் அமைதியாக. வந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி! நான் என்ன அசலா?”

“அசலா இருந்தா சொல்லியிருப்பேன்.” நாத்தனார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “வீடு வீடாப் போயி கையெழுத்து கேட்டவ நான். என் வாசல்ல போடுன்னு சொன்னவளும் நான். இப்ப நானே எடுங்கன்னு சொல்ல எந்த வாயால சொல்றது? அது மட்டும் இல்ல. நான் சொன்னா நீ எடுத்துடுவே. அண்ணி தூங்கலன்னா உனக்குத் தாங்காது, எனக்குத் தெரியும். அந்த பயத்துலதான் உன்கிட்ட வாயே திறக்கல. மேடு வந்தப்புறம் இந்தத் தெருவுலேருந்து எங்க வார்டுக்கு ஒருத்தர் வரல தெரியுமா? ஒருத்தர் வரல. போகட்டும், என் ஒருத்தி தூக்கம்தானேன்னு விட்டுட்டேன்.”

பிறகு இன்னொன்றையும் சொன்னார். போன வாரம் வார்டில், ஒருவருக்கு ஏற்றவேண்டிய மருந்து பாட்டிலைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு மாட்டப் போய்விட்டார். குழாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கண்ணிலேயே பட்டு, எடுத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமை நர்ஸிடம் அவரே போய்ச் சொல்லி, இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஆனதே இல்ல,” என்றார். தெருவையே அதட்டுகிற அந்தக் குரல் உடைந்துபோயிற்று. பிரேக்கம்மா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்சநேரம் அழுதார்கள். மூன்றாவது லாரி வந்து அந்த அழுகையையும் முடித்துவைத்தது.

அன்றைக்கே நாத்தனாரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தன் சின்ன மகளின் அறையில் படுக்க வைத்துவிட்டாள். மறுநாள் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை ஒருமுறை மூடித் திறப்பவர்.

“உங்க நாத்தனார் வீட்டு வாசல்ல இருக்கற ஒண்ணை மட்டும் எடுக்கணுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏதும்மா? நாளைக்கே என்ன பேசுவாங்க தெரியுமா?”

“தெரியும் சார். ஒண்ணை மட்டும் எடுக்க வரல. மூணையும் எடுத்துட்டு வேற மாதிரி செய்யணும். முதல்ல தெருக்காரங்களக் கூப்பிட்டுக் கேக்கணும். போட்டப்புறம் வண்டியோட வேகத்தை அளந்தேனே ஒழிய, பக்கத்துல குடியிருக்கறவங்களை ஒரு வார்த்தை கேக்கல.”

பேனா மூடித் திறந்தது. “கூட்டம் போடுங்க. ஆனா அடி விழுந்தா நீங்கதான் வாங்கிக்கணும்.”

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அவள் எழுந்து பேசுவதற்கு முன்பே இரும்புக்கடைக்காரர் எழுந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மனதில் பட்டதை மடித்துப் பேசத் தெரியாதவர்.

“மேடம், எங்க காதுக்கு ஒரு சேதி வந்துச்சு. நடுவுல இருக்கற மேட்டை எடுக்கப் போறீங்களாம். அது உங்க நாத்தனார் வீட்டு வாசலாம். சொந்தக்காரங்களுக்கு ஒரு நியாயம், தெருவுக்கு ஒரு நியாயமா?”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாங்க, அவங்க என் நாத்தனார்தான்,” என்றாள் பிரேக்கம்மா. “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாது. அவங்க ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில வேலை பாத்துட்டு பகல்ல தூங்கறவங்க. இந்த மேடு வந்ததுலேருந்து தூங்கல. ஆனா அவங்க என்கிட்ட எடுக்கச் சொல்லல. சொல்லவே கூடாதுன்னு இருந்தாங்க. நானாத்தான் போய்ப் பாத்தேன். அவங்க சொந்தம்ங்கறதால போய்ப் பாத்தேன், அதுவும் உண்மைதான். மத்த ரெண்டு மேட்டுக்குப் பக்கத்துல இருக்கறவங்களைப் போய்ப் பாக்கல. அதனாலதான் இப்பக் கேக்கறேன். உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கு?”

கடைவீதி முனையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா மெதுவாக எழுந்தார். “மத்தியானத்துல என் பல்செட்டக் கழட்டி டம்ளர்ல போட்டு வைக்கறது வழக்கம். லாரி போறப்போ அது தானாப் பேசுது,” என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்த பாட்டு டீச்சர், தன் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருப்பதைச் சொன்னார். “ஊர் நல்லதுக்குப் போட்டதாச்சே, குறை சொன்னா என்ன நினைப்பாங்களோன்னு இருந்துட்டேன்.” இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஆளாளுக்கு மற்றவர் என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அப்ப மூணையும் எடுத்துடுங்க. பழையபடி பறக்கட்டும்,” என்றார் இரும்புக்கடைக்காரர்.

எல்லாருடைய கண்ணும் தையல்காரர் பக்கம் போயிற்று. அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “எடுக்கட்டும், நான் வேண்டாங்கல. நர்ஸம்மா தூக்கம் கெட்டு எனக்கு ஒரு மேடு வேண்டாம். ஆனா அந்த இடத்துல என்ன வரப் போகுதுன்னு சொல்லிட்டு எடுங்க.”

அவள் கரும்பலகையில் தெருவை வரைந்தாள். “தெரு நேரா, அகலமா கிடந்தா, எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும் கால் தானா அழுத்தும். அதனால தெருவையே கொஞ்சம் வளைச்சுடலாம். வண்டி நிறுத்தற இடத்தை முதல்ல இடப்பக்கம் வைப்போம், கொஞ்ச தூரம் போய் வலப்பக்கம் மாத்துவோம். நடுவுல போற வழி பாம்பு மாதிரி வளையும், ஒடுங்கும். டீக்கடைகிட்ட ரெண்டு பக்கமும் ரோட்டுக்குள்ள நீட்டி நடைபாதை கட்டினா, கடக்கற தூரம் பாதியாயிடும். வண்டி குதிக்காது, ஆனா பறக்கவும் முடியாது.”

“நேரா இருக்கறதக் கோணலாக்கத்தான் படிச்சுட்டு வந்தாங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். ஆனாலும், கட்டுவதற்கு முன்னால் தார் டிரம்களை வைத்துப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் சொன்னதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளையடித்த டிரம்களை வரிசையாக வைத்த முதல் நாள் காலையே மானம் போயிற்று. இரும்புக்கடைக்கு வந்த லாரி இரண்டாவது வளைவில் மாட்டிக்கொண்டது. லாரியின் நீளத்துக்கு அவள் கணக்குப் போட்டிருந்தாள். லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குப் போடவில்லை. வண்டி திரும்பியபோது கம்பிக் கட்டு பக்கவாட்டில் வீசி, ஒரு டிரம்மை இடித்து உருட்டியது. பின்னால் ஸ்கூல் வேன், தண்ணீர் வண்டி, பைக்குகள். கடைவீதி வரைக்கும் வரிசை நின்றது. எல்லா ஹாரனும் ஒன்றாக அலறின.

“கோணல் தெரு திறப்பு விழா அமோகம்!” என்று எவனோ கத்தினான். பிரேக்கம்மா டிரம்மைத் தனியாளாகத் தள்ளிப் பார்த்தாள். மணல் நிரப்பிய டிரம் அசைவேனா என்றது.

அந்த நேரத்தில் வெள்ளைச் சீருடையோடு, தோளில் பையோடு நாத்தனார் வந்து சேர்ந்தார். விடுப்பு முடிந்து முதல் இரவு வேலை பார்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்துப் போக வந்தவர். வரிசையின் தலையிலிருந்து வால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“ஹாரன் அடிச்சா டிரம் நகருமா? காதுதான் கிழியும். கை இருக்கறவங்க எல்லாம் இறங்கித் தள்ளுங்க!”

தெருவுக்குப் பழக்கமான குரல். முதலில் லாரி டிரைவர் இறங்கினார். பின்னாலேயே நாலைந்து பேர். இரும்புக்கடைக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் கடைக்காகத்தானே லாரியும் வந்திருந்தது! இரண்டு டிரம்களை நகர்த்தியதும் கம்பிகள் இடிக்காமல் வண்டி திரும்பியது. அவள் சாக்கட்டியால் அந்த இடத்தை ரோட்டில் குறித்துக்கொண்டாள். “எங்க கடை முன்னாடி சரக்கு இறக்க ஒரு இடம் ஒதுக்கிக் குடுத்துடுங்க மேடம், நான் வாயே திறக்கமாட்டேன்,” என்றார் இரும்புக்கடைக்காரர். அதையும் குறித்துக்கொண்டாள். அவரால் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஒரு மாதம் டிரம்கள் அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டே இருந்தன. அவள் காலையிலும் மாலையிலும் வேகத்தை அளந்தாள். இந்தத் தடவை கதவுகளையும் தட்டினாள். டிரம்களுக்குச் சரியான இடம் அமைந்ததும், ஒருநாள் மிஷின் கொண்டுவந்து மூன்று மேடுகளையும் சுரண்டி எடுத்தார்கள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. நாத்தனாருக்கு அது தெரியாது. அவர் தம்பி வீட்டில், தம்பி மகளின் பொம்மைகளுக்கு நடுவில், வாயைத் திறந்துகொண்டு குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். “அம்மா, அத்தை லாரி மாதிரி சத்தம் போடுறாங்க,” என்று குழந்தை அலுவலகத்துக்குப் போன் பண்ணிப் புகார் சொன்னது.

பிறகு டிரம்கள் இருந்த இடத்தில் கல் வைத்துக் கட்டினார்கள், செடி நட்டார்கள். எல்லாருக்கும் திருப்தி என்று சொல்லிவிட முடியாது. வண்டி நிறுத்தும் இடம் கொஞ்சம் குறைந்ததில் மளிகைக்கடைக்காரருக்கு இன்னும் மனத்தாங்கல்தான். அவ்வப்போது ஏதாவது ஒரு பைக், செடியோடு சண்டைக்குப் போய்த் தோற்றுத் திரும்பும். ஆனால் வேகம் மேடுகள் இருந்த காலத்து அளவிலேயே நின்றது. தையல்காரர் ஒருநாள் டீ கிளாசோடு, கைத்தடியை ஊன்றி நிதானமாகத் தெருவைக் கடந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று வழிவிட்டன. அவர் அவசரப்படவே இல்லை.

நாத்தனார் தன் வீட்டுக்குத் திரும்பிப் போன மறுவாரம், ஒரு மத்தியானம், பிரேக்கம்மா அந்தப் பக்கம் வேலையாகப் போனவள் எட்டிப் பார்க்க நினைத்தாள். மணியை அடித்தாள். பதில் இல்லை. மறுபடி அடித்தாள். கதவைத் தட்டினாள். போன் செய்தாள், உள்ளே மணி அடிப்பது கேட்டது, யாரும் எடுக்கவில்லை. “அண்ணி! அண்ணி!” என்று கத்தவும், எதிர்க்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். கதவை உடைக்கலாமா என்று இரும்புக்கடைக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார்.

கதவு திறந்தது. கன்னத்தில் தலையணையின் மடிப்பு அழுந்தியிருக்க, ஒரு கண் மட்டும் திறந்திருக்க, நாத்தனார் கூட்டத்தைப் பார்த்தார்.

“என்ன, எங்கயாவது தீப்பிடிச்சுடுச்சா?”

“இல்ல அண்ணி, ரொம்ப நேரமா மணி அடிச்சோம், திறக்கல, அதான் பயந்து...”

“ஏம்மா, நீதானே பாடுபட்டுத் தூங்க வச்சே? இப்ப நீயே வந்து எழுப்பறியே, உனக்கே நல்லா இருக்கா?” அந்த முள் நாக்குக்குத் திரும்பியிருந்தது. கடப்பாரையை ஒரு பார்வை பார்த்தார். “அந்தக் கம்பிய எங்கிட்ட கொண்டுவராதீங்க, கதவு தேக்கு. எல்லாரும் போய் வேலையப் பாருங்க. நீ சாயங்காலம் வா, காபி போட்டுத் தரேன்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பிரேக்கம்மா செருப்பு ஓசைப்படாமல் படியிறங்கிப் போனாள்.